மேல் வரி

அன்புள்ள தங்கைக்கு அண்ணன் எழுதுவது: உன்னைப் பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லை, எப்போது வரலாம் என்று ஒரு வார்த்தை சொல்.

மேலே இருப்பது கடித மரியாதைக்காகப் போட்டது. அதை வைத்து நான் இறங்கி வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. இனிமேல்தான் விஷயம்.

நான் பள்ளிக்கூடம் போனவன் அல்ல. பஸ் ஓட்டிக்கொண்டே சாலையோரப் பலகைகளைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தவன். ஓடுகிற பஸ்ஸிலிருந்து மேல் வரியைத்தான் பிடிக்க முடியும். கீழ் வரிக்குக் கண் இறங்குவதற்குள் பலகை பின்னால் போய்விடும். பஸ்ஸை விட்டு இறங்கி எத்தனையோ காலமாகியும் என் கண் இன்னும் நிற்கப் பழகவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

எங்கள் கட்டடத்து லிஃப்டில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். 'லிஃப்டில் ஏற வேண்டாம்' என்றிருந்தது. நான் படியேறியதோடு, கீழே நின்று வருகிறவர்களையெல்லாம் படிக்கட்டுப் பக்கம் திருப்பிவிட்டேன். மூன்றாம் மாடித் தையல்காரர் துணி மூட்டையோடு ஒரு வாரம் ஏறி இறங்கிய பிறகு நிதானமாக நின்று படித்தார். அடியில் 'ஆறு பேருக்கு மேல் இருந்தால்' என்று இருந்ததாம். "பெரியவரே, என் முழங்காலுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்" என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

உன் அண்ணி என்னைக் கண் டாக்டரிடம் இழுத்துப் போனாள். சுவர் அட்டையில் மேல் வரியைப் படித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

"கீழேயும் படிங்க ஐயா."

"முக்கியமில்லாததாலதானே பொடிசாப் போட்டிருக்கீங்க?"

அவர் விடவில்லை. கடைசி வரி வரைக்கும் படிக்கவைத்து, "கண்ணு கழுகு மாதிரி இருக்கு" என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் உன் அண்ணி, "கண்ணு சரின்னா, இனிமே உங்களுக்கு எந்த டாக்டரைத் தேடுறது?" என்றாள்.

இப்படிப்பட்டவனுக்குத்தான் நீ ஃபோனில் அனுப்புகிறாய்: 'அண்ணா, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வர வேண்டாம்.' கூடப்பிறந்தவளே வாசலை அடைத்துவிட்டாள் என்று ஃபோனை அணைத்து அலமாரியில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். "தங்கச்சி பேச்சை எடுக்காதே" என்று உன் அண்ணியையும் அடக்கிவிட்டேன். ஞாயிறு கழிந்து மறுநாள் மாப்பிள்ளை நேரில் வந்து நின்ற பிறகுதான் அவள் மிச்சத்தைப் படித்துக் காட்டினாள்: 'நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. பித்தப்பையில கல்லு, ஆபரேஷன். நான் உள்ள போறப்ப நீங்க வாசல்ல நிக்கணும்.'

தள்ளுவண்டியில் போகும்போதும் "அண்ணன் வந்துட்டாரா?" என்று கேட்டாயாமே. "வண்டிய நிறுத்திட்டிருக்கார், வந்துடுவார்" என்று மாப்பிள்ளை பொய் சொன்னாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனாலும் தப்பு உன்னுடையதுதான். ஆஸ்பத்திரியை மேல் வரியில் போட்டிருக்க வேண்டும். அப்புறம் நான் பார்க்க வரும்போதெல்லாம் மாப்பிள்ளையை விட்டு 'தூங்குறா' என்று சொல்லவைத்தாயே, அது இன்னொரு தப்பு. இரண்டையும் நீ ஒத்துக்கொள்கிற வரைக்கும் உன் வாசலை மிதிக்க மாட்டேன். இதில் மாற்றமில்லை.

கனமாக எதையும் தூக்காதே. மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு. நீ நல்லா இருக்கணும்மா.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: நீ எதையும் அடிவரைக்கும் படிக்கிறவள். இந்த ஒரு தடவை என்னை மாதிரி படி. மேல் வரியோடு நிறுத்திக்கொண்டு கதவைத் திற. இதை உள்ளே தள்ளிவிட்டு உன் வாசலில்தான் நிற்கிறேன்.