கத்தி வைக்காத கொழுப்பு ஆபரேஷன்

இது நடந்தது போன ஐப்பசியிலா, கார்த்திகையிலா என்று கேட்டால் எனக்குத் தடுமாற்றம்தான். அன்றைக்குக் கூடியது ஆயிரம் பேர் என்று ஒரு ஞாபகம். முந்நூறுதான் இருக்கும் என்று இன்னொரு ஞாபகம். ஆனால் வள்ளித்தாய் தராசில் ஏறியதும் இறங்கியதும் மட்டும் நிச்சயம். அதைச் சொன்னவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

நாகலாபுரம் ரோட்டோரம் மந்திரமூர்த்தி சாமிகளின் பந்தல். கத்தி இல்லை, மயக்க ஊசி இல்லை, மந்திரத்தாலேயே கொழுப்பை எடுத்துவிடுவார் என்று கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு முழுக்க நோட்டீஸ். சாமிகள் முன்பு பருத்தித் தரகராக இருந்தவர். எடை விஷயத்தில் அவருக்கு ஞானம் பிறந்தது அங்கேதான்.

வள்ளித்தாய்க்கு நூற்றுப்பத்துக் கிலோவுக்கு மேல். முழங்கால் இரண்டும் பேச்சுக் கேட்பதில்லை. சர்க்கரை வேறு. படுத்தால் மூச்சு அடைத்து எழுந்துவிடுவாள். மதுரை டாக்டர் இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார். நாலு லட்சம் என்றார். அவள் புருஷன் ராமசுப்பு கிடையிலிருந்த ஆட்டையெல்லாம் விற்றான். ஒன்றரை லட்சம்தான் தேறியது.

சாமிகளிடம் கட்டணம் என்று ஒன்றும் கிடையாது. கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பார். அவ்வளவுதான் கட்டணம். அதுவும் எடை குறைந்த பிறகு கொடுத்தால் போதும். எப்பேர்ப்பட்ட நேர்மை!

"முதல் தடவை அஞ்சாறு கிலோ இறங்கும். மிச்சம் வீட்டுல தானா கரையும் தாயி. ஆனா மாத்திரையைத் தொடப்படாது" என்றார் சாமிகள்.

"சர்க்கரை மாத்திரை கூடவா சாமி?" என்றாள் வள்ளித்தாய்.

"சாமி பெருசா, சர்க்கரை பெருசா?"

அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. ராமசுப்புதான் கைகூப்பினான். துண்டில் முடிந்த பணம் அவன் இடுப்பில் இருந்தது.

சடங்கு இதுதான். பாவச் சுமை என்று ஒரு கம்பளியைப் போர்த்தி, குடங்குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். பிறகு வெறுங்காலோடு பந்தலை மூன்று சுற்று. பந்தலைச் சுற்றி நல்ல கரிசல். குடிக்கத் தண்ணீர் வராத ஊரில், சேறு குழைக்க மட்டும் டேங்கர் லாரி வந்துகொண்டிருந்தது. பாவத்தோடுதான் முதல் எடை போடவேண்டும்; ஆகவே காலைக் கழுவக்கூடாது, கம்பளியை எடுக்கக்கூடாது.

பருத்தித் தாட்டு மூட்டையில் தண்ணீர் தெளித்து மண்டிக்குக் கொண்டுபோகிற பூமி இது. ஈரம் எடை கூட்டும் என்று இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மண்டி வேறு, சாமி வேறு அல்லவா? மண்டிக்குப் போகும்போது மூளையையும் கொண்டுபோவார்கள்.

மூன்றாவது சுற்றில் வள்ளித்தாயின் கால்கள் தூக்க முடியாமல் கனத்தன. களையெடுக்கும் காட்டில் மழை பிடித்துக்கொண்டால் இப்படித்தான் கனக்கும். நின்று, குச்சியால் சுரண்டிவிட்டுத்தான் நடப்பாள். இங்கே சுரண்ட விடவில்லை.

தராசின் சிவப்பு எழுத்து நூற்றுப்பதினெட்டு என்றது. சாமிகளின் சீடன் பூவனநாதன் அதை மைக்கில் முழங்கினான். வேப்பிலை அடித்தார்கள், புகை போட்டார்கள், சாமிகள் அவள் வயிற்றுக்கு மேலே காற்றை அறுத்தார். பாவம் போயிற்று என்று கம்பளியை உருவி, காலைக் கழுவி, திரைக்குப் பின்னால் உலர்ந்த சேலை மாற்றி ஏற்றினார்கள். நூற்றுப்பன்னிரண்டு.

"ஆறு கிலோ!" கூட்டம் குலவையிட்டது. ராமசுப்பு கண் கலங்க, இடுப்பு முடிச்சை அவிழ்த்தான்.

"செத்த பொறுங்க" என்றாள் வள்ளித்தாய். "சாமிக்கு நன்றியா இன்னொருக்கா சுத்திட்டு வாரேன்."

யாரும் தடுக்குமுன் ஈரக் கம்பளியை எடுத்துப் போர்த்தினாள். மூச்சு வாங்க வாங்கச் சேற்றில் மூன்று சுற்றும் வந்தாள். அப்படியே தராசில் ஏறினாள். நூற்றுப்பதினெட்டு.

பூவனநாதன் மைக்கை வாயிலிருந்து இறக்கினான்.

"என்ன சாமி, எடுத்த கொழுப்பு அதுக்குள்ள திரும்பி வந்துட்டு?"

"மனசுல சந்தேகம் நுழைஞ்சா கொழுப்பும் நுழையும் தாயி!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வள்ளித்தாய் புருஷன் பக்கம் கையைக் காட்டினாள்.

"அப்பம் எங்க வீட்டுக்காரவியளைச் சுத்தச் சொல்லுங்க. அவியளுக்குச் சந்தேகமே கிடையாது. கொழுப்பும் கிடையாது."

எலும்பைத் தோலால் மூடியதுதான் ராமசுப்பு. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "ஏலே, சுத்திட்டு வாலே, பாப்போம்!" சாமிகள் நேரம் சரியில்லை என்றார். கூட்டத்துக்கு வேடிக்கை வேண்டியிருந்தது, விடவில்லை. ராமசுப்பு பக்தியோடு மூன்று சுற்றும் வந்தான். ஐம்பத்துநாலு. கம்பளி இறங்கியது, கால் கழுவியாயிற்று, வேட்டி மாற்றினான். நாற்பத்தெட்டு.

"எங்கன இருந்துய்யா எடுத்தீரு ஆறு கிலோ? மாரிலயா, முழங்கையிலயா?" என்று கேட்டது ஒரு குரல்.

ராமசுப்பு கீழே கிடந்த கம்பளியையே பார்த்துக்கொண்டிருந்தான். வருஷக்கணக்கில் மழையில் கம்பளி போர்த்தி ஆடு மேய்த்தவன்.

"நனைஞ்ச கம்பளி கனக்கத்தான செய்யும்" என்றான், தனக்குத்தானே சொல்வதுபோல. பூவனநாதன் அணைக்க மறந்த மைக் அதை ரோடு வரைக்கும் சொன்னது.

அதற்குப் பிறகு பந்தலில் எது நின்றது, எது விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. சாமிகள் டேங்கர் லாரியில் ஏறித் தப்பினார்.

ஒன்றரை லட்சம் தப்பியது. ஆனால் அது நாலு லட்சமாகிவிடவில்லை. வள்ளித்தாய் மதுரை அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்தாள், மாதக்கணக்கில் காத்திருந்தாள், மாசியில் அங்கே ஆபரேஷன் நடந்தது. இப்போது தொண்ணூறு கிலோ. மாத்திரையை நிறுத்தவில்லை. ராமசுப்பு மிஞ்சிய பணத்தில் பத்து ஆடு வாங்கினான். பூவனநாதன் கல்யாண வீடுகளுக்கு மைக்செட் கட்டுகிறான். போலீஸ் சாமிகளைப் பிடித்தது, ஜாமீனில் விட்டது. இப்போது கயத்தாறு பக்கம் வழுக்கைத் தலையில் மந்திரத்தால் முடி வளர்க்கிறாராம். நல்ல கூட்டமாம். போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். தலைக்கு மேலே முளைக்கப்போவதற்குக் காசு கட்டுமுன், தலைக்குள்ளே சும்மா கிடப்பதை ஒருமுறை எடுத்துப் பயன்படுத்திப் பாருங்கள். அதற்கு ஒரு பைசாவும் ஆகாது.