பாக்கு விலை சொல்லாத பொருளாதாரம்

திக்லிபூர்

மரியாதைக்குரிய மச்சான் உதயசூரியன் அவர்களுக்கு, பழனிசாமி வணங்கி எழுதுவது. இங்கே தீவில் நாங்கள் உடம்பளவில் சுகம். பெரம்பூரில் நீங்களும் அக்காவும் எல்லா அளவிலும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

போனில் பேசினால் மகள் வைஜெயந்தி காதில் விழும், அதனால்தான் கடிதம். உங்கள் மருமகளை இங்கிலாந்தில் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று உதவித்தொகை கொடுத்து மேற்படிப்புக்குக் கூப்பிட்டிருக்கிறது. பொருளாதாரம் என்று நானும் பஜார் முழுக்கச் சொல்லிவிட்டேன். பிறகு விசாரித்தால் பொருளாதாரம் இல்லையாம், அங்கே பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர்களின் வரலாறாம். எந்தப் பேராசிரியர் எவரோடு பேசவில்லை, யார் கோபித்துக்கொண்டு தனித்துறை ஆரம்பித்தார், யார் புத்தகத்தை யார் பாடத்திலிருந்து தூக்கினார், இதெல்லாம்தான் பாடம். "பங்காளிச் சண்டையைப் படிக்கவா கடல் தாண்டிப் போறே? நம்ம வீட்டுலயே இருக்கே" என்றேன். "அதுக்கு யாரும் உதவித்தொகை தரமாட்டாங்கப்பா" என்கிறாள்.

இந்த நேரம் பார்த்து, பாராடாங் தீவுப் பாக்கு வியாபாரி வெள்ளைச்சாமி தன் மகன் பிரவீன்குமாருக்குப் பெண் கேட்டு வந்தார். பையனுக்கு அரசாங்க உத்தியோகம். வந்தவர் சும்மா இருக்காமல் பாதி இந்தியில், "பேட்டி, மகளே, நீ எகனாமிக்ஸ் ஆச்சே. பாக்கு விலை எப்ப ஏறும், சொல்லு" என்றார்.

"தெரியாது அங்கிள். தெரியும்னு சொன்னவங்க எப்படியெல்லாம் தப்பாச் சொன்னாங்கங்கறதுதான் என் படிப்பு."

காபி கொடுத்துக்கொண்டிருந்த உங்கள் தங்கை அலமு சிரித்த சிரிப்பில் அது வெள்ளைச்சாமி வேட்டியில் கொட்டியது. "அரே பாய், இத்தனை படிச்சுட்டு மாலூம் நஹி, தெரியாதுங்குதே! நான் சொல்றேன், தீவாளிக்கு ஏறும். ஒரு மூட்டையும் விக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சம்பந்தி ஆகப்போகிறவர் வாக்கு என்று என் கடையின் மொத்தப் பாக்கையும் கொட்டகையில் அடுக்கினேன். மழை பிடித்தது, கப்பல் நின்றது, பாக்கெல்லாம் பூஞ்சை, விலையும் படுத்துவிட்டது. வெள்ளைச்சாமியோ என்னிடம் சொன்ன வாரமே தன் சரக்கையெல்லாம் தள்ளிவிட்டிருக்கிறார். போன் போட்டுக் கேட்டால், "எல்லாரும் வித்தா விலை இறங்காதா பாய்? அதான் உங்களை நிறுத்தச் சொன்னேன்" என்கிறார். "இவர்தாம்ப்பா அசல் எகனாமிஸ்ட்" என்று உங்கள் மருமகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். ஆனாலும் மச்சான், பையன் நல்ல பையன், அரசாங்க உத்தியோகம்.

நேற்று கடையில் வைத்துக் கடைசியாகக் கேட்டேன். "அப்படி என்னதாம்மா இருக்கு அங்க?"

"பெரிய புரொபசர் ஒருத்தர் புத்தகத்துக்குக் கணக்கு முழுக்கப் போட்டது ஒரு பொம்பளைப்பா. முன்னுரையில 'உதவிய பெண்மணிக்கு நன்றி'ன்னு மட்டும் இருக்கு, பேர் இல்ல. அந்தப் பேரை நான் கண்டுபிடிக்கணும்."

மிஞ்சிய பாக்கை நிறுத்துக்கொண்டிருந்த அலமு நிமிர்ந்து கடைப் பலகையைப் பார்த்தாள். 'பழனிசாமி அண்ட் சன்ஸ்' என்று இருக்கும். எனக்கு மகன் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று பேரும் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

ஆகவே, தாய்மாமன் நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, போகக்கூடாது என்று அவளைக் கண்டித்துச் சொல்லவும். உங்கள் வாக்கைத் தட்டமாட்டாள். அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முருகன் துணை.

இப்படிக்கு,
பழனிசாமி

பின்குறிப்பு: தபாலாபீஸ் போகிற வழியில் கப்பல் டிக்கெட் கவுண்டரில் கூட்டமே இல்லை. சென்னைக்கு அவளுக்கு ஒரு டிக்கெட் எடுத்துவிட்டேன். நீங்கள் வரவேண்டாம். துறைமுகத்திலிருந்து அவளை அழைத்துப்போய் நல்ல கம்பளிச் சட்டையாக வாங்கிக் கொடுங்கள். மேலே எழுதியதில் ஒரு வரியும் அவளுக்குத் தெரியக்கூடாது. வரலாறு எழுதுகிற பெண். அனுப்பலாம் என்று முதலில் சொன்னவன் நான்தான் என்றே இருக்கட்டும்.