குடியிருந்தும் பார்க்காத வீடு

வீட்டுக்காரர் கடனைக் கட்டவில்லை. அதற்காக வங்கிக்காரர்கள் வந்து, ஒழுங்காக வாடகை கொடுப்பவர் குடியிருக்கும் வீட்டுக் கதவில் ஏல நோட்டீஸ் ஒட்டலாமா? அதுவும் நகத்தால் சுரண்டினாலும் வராத பசை. குடியிருந்தவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாற்காலித் தொழிற்சாலையில் குறை கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். அங்கே அவருக்குப் பெயரே பூதக்கண்ணாடி.

"ஒன்பது வருஷமா ஒரு குழாயை மாத்தித் தரல அந்த ஆளு. இப்ப எவனோ பாதி விலைக்கு வீட்டை அள்ளிக்குவான். நாம சட்டி பானையோட தெருவுல நிக்கணும். என்ன நியாயம் இது?"

"எதுக்கு நிக்கணும்? வேற வீடு பார்க்கலாம்," என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

"வேற வீடா? இதையே நான் ஏலத்துல எடுக்கப் போறேன்."

மடித்த துணியை மனைவி மறுபடி பிரித்தாள். "ஏல வீட்டை முதல்ல நல்லாப் பார்க்கணும்ங்க. வரி பாக்கி, வழக்கு, ரிப்பேர் எல்லாம் எடுக்கிறவங்க தலையிலதான். 'உள்ளது உள்ளபடி'ன்னு நோட்டீஸ்லயே போட்டிருக்கான்."

"குடியிருக்கிறவனுக்கே வீட்டைப் பார்க்கச் சொல்லித் தர்றியா?"

அவர் திட்டம் வேறு. ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க ஆட்கள் வருவார்கள். அவர்களை மிரட்டி அனுப்பிவிட்டால் ஏலத்தில் அவர் ஒருவர்தான். சேமிப்பு முழுக்க மனைவி கணக்கில் இருந்ததால், ஏல முன்பணம் கட்டும் பொறுப்பு அவளுக்கு.

"அப்படியே மிரட்டறதுக்கு நாலு பொய் சொல்லு."

அவள் யோசிக்கவே இல்லை. "பின்சுவர் உள்ளுக்குள்ள இத்துப் போச்சு. கழிவுத் தொட்டி பக்கத்து வீட்டு மண்ணுல இருக்கு. வரி கட்டிப் பல வருஷமாச்சு. வீட்டுக்காரரோட தங்கச்சி பங்கு கேட்டு வழக்குப் போட்டிருக்கு."

"தங்கச்சியா? அடேயப்பா. உனக்கு இவ்வளவு கற்பனையா?"

ஞாயிறன்று புதுமணத் தம்பதி தங்கச்சியிலேயே ஓடிப்போனார்கள். லாரி முதலாளி தொட்டிவரை தாங்கினார். பூதக்கண்ணாடிக்கு உற்சாகம் தாங்கவில்லை. தங்கச்சிக்கு ஒரு முரட்டு வக்கீலையும் சேர்த்துவிட்டார்.

கடைசியாக வந்த பல் டாக்டர் அம்மா ஓடவில்லை. பின்சுவரை விரல் முட்டியால் தட்டினார். பொலபொலவென்று ஒரு கூடை காரை விழுந்தது. பிறகு பக்கத்து வீட்டில் போய் விசாரித்துவிட்டு வந்தார்.

"தொட்டி அவங்க மண்ணுலதான் இருக்காம். உங்ககிட்ட எத்தனையோ தடவை சொன்னாங்களாம், நீங்க தலையாட்டிட்டுப் போயிடுவீங்களாம். இது சொத்து இல்ல சார், சொத்தை. ஆனா உங்களை மாதிரி உண்மையைச் சொல்ற மனுஷனை நான் பார்த்ததில்ல."

டாக்டர் அம்மா போனதும் பூதக்கண்ணாடி சமையலறைக்குப் பாய்ந்தார்.

"பொய் சொல்லச் சொன்னா உண்மையைச் சொல்லியிருக்கியே, இது அடுக்குமா?"

"அவசரத்துக்குப் பொய் வரலைங்க."

"அப்ப அந்தத் தங்கச்சி?"

"கோர்ட்டு ஆளு ரெண்டு தடவை வந்துட்டுப் போனாரு. சொன்னேனே. செல்போனைப் பார்த்துக்கிட்டே 'நல்லா இருக்கட்டும்'னீங்க."

ஏலமும் வேண்டாம், வீடும் வேண்டாம். பணம்?

"முன்பணத்தைக் கட்டிட்டியா?"

"அன்னைக்கே கட்டிட்டேன்."

அவர் அரிசி டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"வங்கிக்கு இல்லைங்க. அடுத்த தெருவுல ஒரு வாடகை வீட்டுக்கு. முதல் தேதி குடி போறோம்."

பூதக்கண்ணாடி எழுந்து நின்றார். "என்ன அநியாயம். நான் அந்த வீட்டைப் பார்க்கவே இல்லையே."

"பரவாயில்லைங்க," என்றாள் மனைவி, குழாயின் கீழே வாளியை நகர்த்தி வைத்தபடி. "இந்த வீட்டையும்தான் நீங்க பார்க்கல."