வெள்ளைச் சட்டையும் வெள்ளைப் பூவும்

இனி மிளகு ஏணியில் ஏறுவதில்லை என்று நான் முடிவெடுத்த அன்று கொல்லிமலையில் மழை கொட்டியது. என் முடிவைக் கேட்டு வானமே கண் கலங்குகிறது என்று நினைத்தேன். அருணா, "துணி நனையுது, எடுத்து உள்ள போடுங்க" என்றாள்.

அருணா என் மனைவி. எங்கள் மிளகுத் தோட்டத்துக்கும் எனக்கும் அவள்தான் முதலாளி.

மிளகு பறிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கொடி சில்வர் ஓக் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மேலே மேலே போகும். ஒற்றை மூங்கிலில் கணுக்களை மட்டும் விட்டுச் செய்த ஏணியைச் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு நாமும் பின்னாலேயே போக வேண்டும். கீழே பார்த்தால் தலை சுற்றும். மேலே பார்த்தால் இன்னும் மரம் இருக்கும்.

ரியல் எஸ்டேட்டில் இந்தத் தொல்லை இல்லை. நாம் ஏற வேண்டியதில்லை, விலை மட்டும் ஏறினால் போதும். எந்தத் தொழிலுக்கும் ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். இதற்கு ஒரு வெள்ளைச் சட்டையும், பையில் ஒரு போனும், எப்போதும் யாரோ காத்திருப்பது போன்ற முகமும் போதும் என்று செம்மேட்டு டீக்கடையில் உட்கார்ந்து கண்டுபிடித்தேன்.

"அருணா, நான் ரியல் எஸ்டேட்ல எறங்கிட்டேன்."

"ஏறறதுக்குப் பயந்துக்கிட்டுத்தானுங்களே?"

"பயமா? எனக்கா? இது தொழில் வளர்ச்சி."

"நம்ம தோட்டத்தையா விக்கப் போறீங்க?"

"சேச்சே. ஊரான் தோட்டத்த."

"அப்ப சரிங்க. ஊரானுக்குத்தான் கஷ்டம்."

நானும் விடவில்லை. விடாமுயற்சி என்றால் நான்தான். வெயிலில் இடம் காட்டினேன். மழையில் இடம் காட்டினேன். அட்டை கடிக்கக் கடிக்கச் சிரித்த முகத்தோடு இடம் காட்டினேன். வந்தவர்கள் அருவியில் குளித்தார்கள், அன்னாசிப்பழம் வாங்கினார்கள், மலையை விட்டு இறங்கிப் போனார்கள். ஏக்கர் விற்கப் போன நான் ஒவ்வொரு நாளும் ஏக்கத்தோடு வீடு திரும்பினேன். 'முருகானந்தம் ரியல் எஸ்டேட்' என்று வாசலில் நான் மாட்டிய போர்டின் மேல் அருணா மழைக்கோட்டைத் தொங்கவிட ஆரம்பித்திருந்தாள்.

கார்த்திகையில் சேலத்திலிருந்து சுரேந்தர் என்று ஒருவர் வந்தார். காரிலிருந்து இறங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணைக் காலால் அழுத்திப் பார்த்தார். வாங்குகிற ஆள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. திருப்பூரில் மகனோடு போய்க் குடியேறிவிட்ட குப்புசாமி அண்ணனின் இடத்துக்குக் கூட்டிப் போனேன். பனி மூடிக் கிடந்தது. எனக்கு அது வசதிதான்.

"எதுக்க பாருங்க சார்."

"ஒண்ணுமே தெரியலீங்களே?"

"பனிக்குப் பின்னாடி இருக்குதுங்க வியூ. வெலகுச்சுன்னா நாமக்கல் வரைக்கும் தெரியும்."

"தண்ணி?"

"வத்தாத ஊத்துங்க."

"ரோடு?"

"வந்துட்டே இருக்குதுங்க சார்."

"எங்கிருந்துங்க?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. "வாங்க, ஊட்ல ஒரு காப்பி குடிச்சுட்டுப் பேசலாம்" என்று சமாளித்தேன். என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த மாபெரும் தவறு அந்தக் காப்பிதான்.

அருணா டம்ளரைக் கொடுத்தாள். சுரேந்தர் அவளிடமே கேட்டுவிட்டார்.

"ஏனுங்க, அந்த ஊத்து வத்தவே வத்தாதுங்களா?"

நான் அருணாவுக்குக் கண்ணைக் காட்டினேன்.

"கண்ணுல என்னங்க தூசியா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு அவரிடம் திரும்பினாள். "பங்குனி பொறந்தா அதுல சொம்பு முங்காதுங்க."

"ரோடு வந்துட்டிருக்குதுன்னாரே?"

"ஆமாங்க. எங்க கல்யாணத்துக்கு முந்தியிருந்தே வந்துட்டிருக்குது."

"நடுவுல ஒரு பெரிய பலாமரம் பாத்தேனுங்க. அது நெலத்தோட சேந்ததுதானுங்களே?"

"இல்லீங்க. அது குப்புசாமி அண்ணன் தங்கச்சிக்குச் சீரா குடுத்த மரம். நெலம் உங்களுதுன்னாலும் பழம் அந்தக்காவுதுதான். வருஷா வருஷம் வந்து எறக்கிட்டுப் போகும். நீங்க வழி விட்றோணும்."

எங்கள் மலையில் அப்படித்தான். மண் ஒருவருக்கு இருக்கும், அதில் நிற்கிற மரம் இன்னொருவருக்கு இருக்கும். அதை விற்ற பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

"மண்ணு மட்டும் தங்கமுங்க" என்று அருணா முடித்தாள். "தண்ணி தேங்காத சரிவு. பலத்த காத்து படாது. மொளகு வெச்சா சொன்ன பேச்சுக் கேக்கும்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. காப்பி டம்ளருக்குள் ஒளிக்க முடியுமா என்று பார்த்தேன். டம்ளர் சிறியது. வெள்ளைச் சட்டை போட்டவனுக்கு அவமானம் பளிச்சென்று தெரியும் என்பது அன்றுதான் புரிந்தது.

சுரேந்தர் எழுந்தார். என் நம்பரை வாங்கவில்லை. அருணாவின் நம்பரை வாங்கிக்கொண்டார். "மொளகு வேணுமுங்க, அதுக்குத்தான்" என்றார். சரி, மிளகாவது விற்கட்டும் என்று நானும் பெருந்தன்மையாக இருந்தேன்.

கார் போனதும் நான் வெடித்தேன்.

"பொழப்புல மண்ணப் போட்டுட்டியே அருணா!"

"நீங்க விக்கறதே மண்ணுதானுங்களே."

"ஒரு பொய் சொன்னா கொறஞ்சா போயிருவே?"

"அந்த மனுசன் நாளைக்கு நம்ம ஊர்ல வந்து குடியிருப்பாருங்க. பங்குனியில கொடத்தத் தூக்கிட்டு நம்ம ஊட்டுக்குத்தான் வருவாரு. அப்ப நீங்களா மூஞ்சி குடுப்பீங்க? நாந்தான் குடுக்கோணும்." காப்பி டம்ளர்களை எடுத்து அடுக்கினாள். "தை வந்தா மொளகு பறிக்கோணும். ஏணி உங்களத் தேடுது. இதோட நிறுத்திக்கங்க."

"நிறுத்த மாட்டேன்."

"நானும் உட மாட்டேன்."

இப்படி முட்டிக்கொண்டு நின்றால் எங்கள் ஊரில் ஒரே வழிதான் உண்டு. சாமியிடம் பூ கேட்பது. ஒரு இலையில் வெள்ளைப் பூ, இன்னொரு இலையில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட வேண்டும். காரியத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். இதில் ஏமாற்று நடக்கக் கூடாது என்பதற்காக ஒரு கட்டுப்பாடும் உண்டு. பொட்டலம் கட்டுகிறவர் கேட்கக் கூடாது, கேட்கிறவர் கட்டக் கூடாது.

"நீயே கேளு கண்ணு" என்றேன், பாசம் பொங்க. "பொட்டணம் கட்டற சோலிய மட்டும் நான் பாக்கறேன்."

"என்னன்னு கேக்கட்டுமுங்க?"

"எங்கூட்டுக்காரரு ரியல் எஸ்டேட்லயே இருக்கலாம்னா வெள்ளப் பூ குடுன்னு கேளு."

"சரிங்க" என்றாள். அவ்வளவு சீக்கிரம் அவள் சரி என்றபோதே நான் உஷாராகி இருக்க வேண்டும்.

மறுநாள் விடியற்காலையில் என்ன செய்தேன் என்று சொல்ல நாக்கு கூசுகிறது. வாசலில் வெள்ளரளியும் இருக்கிறது, செவ்வரளியும் இருக்கிறது. என் கை வெள்ளரளிக்குப் போனது. ஒரு பூவைப் பறித்து ஒரு இலையில் கட்டினேன். பிறகு என் கை மறுபடியும் வெள்ளரளிக்கே போனது. கை போனதே தவிர நான் போகவில்லை என்று சொல்லிக்கொண்டேன். வாங்குகிறவனிடம் பொய் சொல்லி ஆயிற்று, இனி மிச்சம் இருப்பது சாமிதான்.

கோயிலில் பூசாரி குழந்தைசாமி அண்ணன் மணியடித்தார். சூடம் காட்டினார். பொட்டலங்களை வாங்கிக் குலுக்கிச் சாமி காலடியில் போட்டார். சாமி என்னைப் பார்ப்பது போல் இருந்தது. நான் பூசாரியின் முதுகைப் பார்த்துக்கொண்டேன்.

"கேளும்மா" என்றார்.

அருணா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கை கூப்பினாள். ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னாள்.

"சாமி! எங்கூட்டுக்காரரு மொளகு ஏணி ஏறட்டும். ரியல் எஸ்டேட்ட நான் பாத்துக்கறேன். உனக்குச் சம்மதம்னா வெள்ளப் பூ குடு!"

குறுக்கே பாய்ந்தேன். "ஏ... ஏ..." என்று மட்டும் வந்தது. பூசாரி கையைத் தூக்கி என்னை அடக்கினார். கண்ணை மூடினார். குனிந்தார். எடுத்தார். எதை எடுத்தால் என்ன?

"வெள்ளப் பூ!" என்று தூக்கிக் காட்டினார். "கேட்டதும் குடுத்துட்டான் பாரு!"

"அண்ணா, இன்னொருக்காக் கேட்டுப் பாக்கலாமுங்களா?" என்றேன்.

"ஏனப்பா, சாமி வாக்கு மேல சந்தேகமா? இரு, மத்ததையும் பிரிச்சுக் காட்டறேன். செகப்பப் பாத்தாத்தான் உனக்கு மனசு ஆறும்."

அவர் மற்ற பொட்டலத்தை எடுத்துவிட்டார். ஊரில் பூ கேட்பதில் மோசடி செய்தவன் என்று ஒருவனும் பேர் வாங்கியதில்லை. அந்தப் பேர் எனக்கு வரப் போகிறது.

"அது எதுக்குங்கண்ணா?" அருணா எட்டி அவர் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "சாமி சொன்னதுக்கு மேல சாட்சி எதுக்கு? நீங்க துண்ணூறு குடுங்க."

நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தோம். ஊர்ச் சாவடியைத் தாண்டினோம். பிறகு அவள் பொட்டலத்தை எடுத்து என் சட்டைப் பையில் போட்டாள்.

"எப்படித் தெரியும்?" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"காலைல வாசக் கூட்டினேனுங்க. செவ்வரளியில ஒத்தப் பூ கொறையல."

"அப்புறம் ஏன் கோயிலுக்கு வந்தே? ஊட்லயே சொல்லியிருக்கலாமே?"

"எனக்கும் வெள்ளப் பூதானுங்களே வேணும்?"

"அடிப்பாவி! சாமிய ஏமாத்திட்டியே!"

"பூவ மாத்துனது நீங்க. நான் கேக்க மட்டுந்தானுங்க செஞ்சேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஏமாந்ததற்கு அல்ல. பூசாரி கையிலிருந்து அவள் அந்தப் பொட்டலத்தைப் பிடுங்கியபோது என் உயிர் திரும்பி வந்ததே, அதற்கு. அப்போது அவள் போன் அடித்தது. சுரேந்தர். மிளகைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இது முதல் போனும் இல்லை என்று அவள் பேசிய விதத்திலேயே தெரிந்தது.

ஊற்று வற்றும் என்று தெரிந்தே, பலாப்பழம் கிடைக்காது என்று தெரிந்தே, ரோடு வராது என்று தெரிந்தே அந்த மனிதர் குப்புசாமி அண்ணனின் இடத்தை வாங்கினார். நான் ஒளித்து வைத்தது எல்லாவற்றையும் சொல்லி அருணா விற்றாள். வாசல் போர்டில் 'முருகானந்தம்' இருந்த இடத்தில் இப்போது 'அருணா' இருக்கிறது. 'ரியல் எஸ்டேட்' என்ற பாதி நான் எழுதியதுதான். நன்றாக இருக்கிறது என்று அதை விட்டுவைத்தாள்.

தை பிறந்தது. வெள்ளைச் சட்டையில் மிளகுக் கறை படிந்துவிட்டது. போன வாரம் நான் ஏணியின் உச்சியில், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பறித்துக்கொண்டிருந்தேன். கீழே அருணா, சுரேந்தரின் அக்கா கௌசிகாவுக்கு எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்து இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று காற்று சில்லென்று அடித்தது. கண்ணைத் திறந்தேன். பனி விலகியிருந்தது. மலைக்குக் கீழே வயல், தென்னந்தோப்பு, ரோடு, ஊர், அதற்கு அப்பால் நாமக்கல் கோட்டைப் பாறை. வந்தவர்களிடம் எல்லாம் நான் அளந்துவிட்ட வியூ! நிஜமாகவே இருந்திருக்கிறது! நான்தான் ஒரு நாளும் ஏணியில் இருந்து நேர் எதிரே பார்க்கவில்லை.

"அம்மா!" என்று மேலிருந்து கத்தினேன். "நாமக்கல் வரைக்கும் தெரியுதுங்க! சத்தியமாத் தெரியுது!"

கௌசிகா அண்ணாந்து பார்த்தார். "யாருங்க அவரு? சொல்றது நெசந்தானுங்களா?"

அருணா மேலே பார்க்கக்கூட இல்லை.

"மொளகு பறிக்கற ஆளுங்க. கையி நல்ல கையி. பேச்ச மட்டும் நம்பாதீங்க, நாம நேர்ல போயே பாத்துக்கலாம் வாங்க."