வேற்றுக்கிரகத்தில் பால் வெட்டியவன்

எது நல்ல படம், எது கெட்ட படம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ரொக்கெட் பறந்து நாலு இடத்தில் வெடித்தால் அது நல்ல படம். ஹீரோ வானத்திலிருந்து விழுந்து, தூசியைத் தட்டிவிட்டு நடந்தால் இன்னும் நல்ல படம். இந்த ஆசையால் என் மகளின் கல்யாணமே நிற்கப் பார்த்ததை நானே ஒப்புக்கொள்கிறேன். (என் மனைவி சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.)

நான் ருவான்வெல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருபத்தைந்து வருடமாக ரப்பர் பால் வெட்டுகிறேன். நாள் முழுவதும் மரங்களோடு இருந்து பழகியதால் மனிதரைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மகள் தர்ஷினி கார்மென்ட் ஃபெக்டரியில் வேலை செய்த இடத்தில் ரமேஷ் என்ற பையனை விரும்பிவிட்டாள். றக்வானைப் பையன், நல்லவன். அவனுடைய அப்பா பெரியசாமிதான், "பொண்ணோட குடும்பத்தப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று பிடி கொடுக்காமல் இருந்தார்.

ஆகவே மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவி செல்வியும் மூன்று பஸ் மாறி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். படியேறும்போது செல்வி காதில் சொன்னாள்:

"ஏங்க, அவங்க கேட்டா மட்டும் பேசுங்க. கேக்காட்டி சிரிங்க."

இதைவிடச் சுலபமான வேலையை எனக்கு யாரும் தந்ததில்லை.

பெரியசாமி தன் தோட்டத்து லயத்து வீட்டை முன்னால் நீட்டி ஹால் கட்டியிருந்தார். நடுவில் பலாமரத் தூண் ஒன்று. வார்னிஷ் பூசி, முகம் பார்த்துத் தலை வாரலாம் போலப் பளபளத்தது. ஸ்டூலின் மேல் வெற்றிலைத் தட்டு. பேச்சு முடிந்து அந்தத் தட்டை அவர் என்னிடம் நீட்டினால் சம்மதம் என்று அர்த்தம்.

ஆனால் டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. இங்கிலிஷ் படம், கீழே சிங்கள எழுத்து. எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. அதனால் கதையை நானே கட்டிக்கொண்டேன்.

"என்னா படம் இது!" என்றார் பெரியசாமி. "ஆகாயத்துல காத்தே கெடையாது. இவன் தொப்பிகூடப் போடாம நிக்கிறான்."

"ஆமாங்க."

"கப்பலே சுக்கு நூறாப் போச்சு. அந்தப் புள்ளைக்குத் தலைமுடி கலையல பாருங்க."

"ஆமாங்க."

அவர் சொன்னது எல்லாம் உண்மை. ஆனால் என் நெஞ்சு சந்தோஷத்தில் திடுதிடு என்று அடித்தது. ஏசிக்கொண்டே அவரும் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

அப்போதுதான் அந்த மிருகம் வந்தது. எட்டுக் கால். ஒவ்வொரு காலும் ரப்பர் மரமேதான். அதே சாம்பல் பட்டை, அதே பருமன். ஹீரோ கத்தியை உருவி ஒரு காலில் கிழித்தான். வெள்ளையாகப் பால் வடிந்தது.

காற்று இல்லாததைப் பொறுத்தேன். தலைமுடியைப் பொறுத்தேன். இதை எப்படிப் பொறுப்பது?

"டேய்! இடப்பக்கம் மேல, வலப்பக்கம் கீழ வெட்டணும்டா! தலைகீழா வெட்டுறானே! இவ்வளவு ஆழம் போனா செத்துரும்டா!"

யாரோ கத்துகிறார்கள் என்று பார்த்தால், நான்தான். எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

பெரியசாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "எப்புடி வெட்டுனா என்னா? அது மிருகந்தானே, சாகத்தானே வேணும்?"

"சாகட்டுங்க. அதுக்காகப் பட்டையக் காயப்படுத்தலாமா?"

வெற்றிலைத் தட்டிலிருந்த பாக்குச் சீவும் கத்தி என் கைக்கு எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. எதிரே தூண். இடப்பக்கம் மேலே வைத்து, வலப்பக்கம் கீழே, ஒரே இழுப்பு. வார்னிஷ் சுருண்டு விழுந்தது. (எங்கள் தோட்டத்துக் கங்காணி பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். அவ்வளவு சுத்தமான வெட்டு.)

பெரியசாமி டிவியை நிறுத்தினார்.

"பொண்ணு குடுக்க வந்தீங்களா, வீட்ட வெட்ட வந்தீங்களா?"

வெற்றிலைத் தட்டு உள்ளே போனது. மூலையில் நின்ற ரமேஷ் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். திரும்பி வரும்போது மூன்று பஸ்ஸிலும் செல்வி பேசியது ஒரே ஒரு வசனம்: "சிரிங்கன்னுதானே சொன்னேன்."

தர்ஷினி அழுது முடித்துவிட்டு என்னோடு பேசுவதை நிறுத்தினாள். என் பிளேன்டீயில் சீனி நின்றுபோனது. இரண்டு வாரம் கத்தியைப் பிடிக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

மூன்றாம் வாரம் பெரியசாமி எனக்குப் போன் பண்ணினார்.

"நேத்து டிவில அந்தப் படத்தத் திரும்பப் போட்டான்."

"சரிங்க."

"எட்டுக் காலையும் வெட்டுறான். எட்டும் தப்பு வெட்டு. கீழ்த் தோட்டத்துல பால் வெட்டுற ஆள்கிட்டயும் கேட்டேன், நீங்க சொன்னதுதான் சரியாம்."

"ஆமாங்க."

"என்னா ஆமாங்க? முன்ன காத்து இல்ல, தொப்பி இல்லன்னு ஏசிக்கிட்டு எவ்வளவு சந்தோஷமாப் பார்த்தேன்! இப்ப அந்த வெட்டு ஒன்னுதான் கண்ணுக்குத் தெரியுது. படத்தையே கெடுத்துட்டீங்களே!"

"மன்னிச்சிருங்க."

அவர் இருமினார்.

"படத்துல வர்ற மிருகத்துக் காலுக்கே இப்புடிப் பதறுற மனுசன், மகள மோசமா வளத்திருக்க மாட்டாருன்னு என் சம்சாரம் சொல்லுது. சரி, தை மாசத்துல ஒரு நாள் பார்ப்போமா, சம்பந்தி?"

"ஆமாங்க" என்றேன்.

அந்த வெட்டு இன்னும் அந்தத் தூணில் இருக்கிறது. அதன் கீழே சம்பந்தி, பால் பிடிப்பதற்கென்று ஒரு சிரட்டையைக் கம்பியால் கட்டிவிட்டிருக்கிறார். நாங்கள் போனால் டீக்கு முன்னால், "இன்னைக்கு எத்தன கிலோ, சம்பந்தி?" என்ற கேள்விதான் வரும். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் கதை முதலிலிருந்து சொல்லப்படும். "நானே மினுக்கி வார்னிஷ் பூசித் தாறேனுங்க" என்று ஒருமுறை கெஞ்சினேன்.

"பேசாம இருங்க," என்றார். "மரத்துக்கு இப்ப ஓய்வு."