ரெட்டையண்ணனின் ஒற்றை டேப்

புதுச் செருப்பு வாங்கினால் பழைய செருப்பையும் ஒரு மாதம் பையில் தூக்கிக்கொண்டு நடந்த மனிதர், மதுரை தோன்றிய நாளிலிருந்து ஒருவர்தான் இருந்திருக்க முடியும். கேட்டால், "புதுசு ஒழுங்கா ஓடுதான்னு பாக்கணும்ல தம்பி? பாதி வழியில காலை வாரிருச்சுன்னா?" என்பார்.

அவர்தான் எங்கள் ரெட்டையண்ணன். இரண்டு மூக்குக் கண்ணாடி, இரண்டு குடை. டீக்கடையில் நின்றால் இரண்டு டீ. முதல் டீ சரியில்லாமல் போனால் என்ன செய்வதாம்? மகள் கல்யாணப் பத்திரிகையை எனக்கு நேரில் கொடுத்துவிட்டுத் தபாலிலும் அனுப்பினார். மறதியால் நான் இரண்டு முறை மொய் எழுதாமல் தப்பித்தது என் அதிர்ஷ்டம்.

எண்பதுகளின் நடுவில், தல்லாகுளத்தில் ஒரு தனியார் கம்ப்யூட்டர் மையத்தில் நாங்கள் வேலை பார்த்தோம். ஏழு பேர், ஆறு நாற்காலி. ஏழாவதாக வருபவன் நிற்க வேண்டும் என்ற கவலையில் நான் எப்போதும் முதலில் வந்துவிடுவேன். பீரோ அளவில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்கு ஏ.சி. உண்டு, எங்களுக்குக் கிடையாது. அதில் ஒரு பஞ்சாலையின் தொழிலாளர் விவரம் முழுவதும் இருந்தது. யார் எந்த நாளில் வேலைக்குச் சேர்ந்தார் என்பதை வைத்துத்தான் தற்காலிகத் தொழிலாளிகளை வரிசைப்படி நிரந்தரமாக்குவார்கள். கம்ப்யூட்டர் வந்த சந்தோஷத்தில் ஆலைக்காரர்கள் அதுவரை அந்த விவரம் எழுதி வைத்திருந்த பழைய அட்டைகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். சிம்மக்கல்லில் நான் வாங்கிய வறுகடலைப் பொட்டலம் ஒன்றில் யாரோ ஒருவருடைய பதினோரு வருட உழைப்பு மடிந்து கிடந்தது.

ரெட்டையண்ணனின் வேலை, அந்த விவரங்களை நகலெடுத்துக் காப்பது. சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டமான இரண்டு டேப்புகளில், போன வாரத்து நகலின் மேலேயே வாராவாரம் புது நகல் எடுப்பார். ஒன்று ஆபீஸ் அலமாரிக்கு. மற்றொன்று தூக்குச் சட்டியில் ஏறி, மஞ்சப்பைக்குள் புகுந்து, டவுன் பஸ்ஸில் சிம்மக்கல் வீட்டுக்குப் போகும். அவர் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். எங்களிடம் தமிழ். டேப்பிடம் மட்டும் வீட்டு மொழியில்தான் பேசுவார்.

டேப்புக்குக் காந்தம் ஆகாது. பட்டால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். இந்த ஒரு பயத்தில் அவர் மதுரையில் எந்தக் கல்யாண வீட்டையும் நேர்வழியில் கடந்ததில்லை. ஒருநாள் நானும் பஸ்ஸில் கூட இருந்தேன். வைகைப் பாலத்துக்கு முன்பே விசிலடிக்கச் சொன்னார்.

"அண்ணே, சிம்மக்கல்லு இன்னும் வரலையே?" என்றார் கண்டக்டர்.

"முன்னால கொழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கான். அதுக்குள்ள பெரிய காந்தம் இருக்கு."

"காந்தம் ஒங்களை என்ன செய்யப் போகுது?"

"என்னைய ஒண்ணும் செய்யாது. மில்லுக்காரக அம்புட்டுப் பேரும் அழிஞ்சு போயிருவாக!"

கண்டக்டர் அதன்பிறகு அவர் கை நீட்டிய இடத்திலெல்லாம் பஸ்ஸை நிறுத்தினார்.

இப்படியிருக்கையில் மெட்ராஸிலிருந்து ஓர் இளம் இன்ஜினியர் வந்தார். மென்பொருளில் புது வெர்ஷன் ஏற்ற வேண்டுமாம். அதற்குக் கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பிறகு டேப்பிலிருந்து விவரங்களைத் திரும்ப ஏற்ற வேண்டும். "பழைய வெர்ஷன் ஒரு மாசம் பக்கத்துல ஓடட்டும் சார்" என்று ரெட்டையண்ணன் சொன்னார். "இது செருப்பு இல்லை சார்" என்று சிரித்துவிட்டு, இன்ஜினியர் துடைத்தார். அண்ணன் மனசு கேட்காமல் டீ குடிக்கப் போனார். இரண்டு டீ அல்லவா, திரும்பத் தாமதம். அதற்குள் இன்ஜினியர் புது வெர்ஷன் எழுதுகிறதா என்று சோதிக்க அலமாரியிலிருந்து ஒரு டேப்பை எடுத்து, அதன்மேல் எழுதியும் விட்டார். அது காலி டேப் இல்லை. எங்கள் நகல்.

ஆக, பஞ்சாலைத் தொழிலாளிகள் அத்தனை பேருடைய வருடங்களும் இப்போது சிம்மக்கல்லில் ஒரு தூக்குச் சட்டிக்குள் மட்டும் இருந்தன.

அண்ணன் ஆட்டோவில் போய் எடுத்துவந்தார். ஆனால் மேனேஜர் கை நீட்டியபோது நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"டேப்பைக் குடுங்கண்ணே."

"தர மாட்டேன் சார். இது ஒண்ணுதான் இருக்கு."

"அதனாலதான் கேக்குறேன்."

"அதனாலதான் மாட்டேங்கிறேன். மொதல்ல இதுக்கு ஒரு காப்பி எடுத்துக்கிருவோம்."

"காப்பி எடுக்கணும்னாலும் மிஷின்லதானய்யா போடணும்!"

"அதான் சார் ரோசனையா இருக்கு."

இன்ஜினியர் பயந்த குரலில், "சார், டேப்போட பின்னாடி வளையத்தைக் கழட்டிட்டா மிஷின் அது மேல எழுத முடியாது. படிக்க மட்டும்தான் செய்யும்" என்றார்.

"வளையத்தைக் காப்பி எடுத்த அன்னைக்கே கழட்டிட்டேன். எழுதாது, சரி. கடிச்சு வச்சிருச்சுன்னா?"

அந்த மிஷின் அதற்குமுன் நான்கு டேப்புகளைக் கடித்திருந்தது.

மேனேஜர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "மில்லுல நாளைக்கு லிஸ்ட் கேட்பாகண்ணே. நான் எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்?"

அண்ணன் டேப்பிடம் சௌராஷ்டிரத்தில் ஏதோ சொன்னார். பிறகு அதை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, நீங்க போடுங்க."

"நானா? எனக்குப் பயமா இருக்குண்ணே!"

"அதுக்குத்தான். இங்க இருக்கற ஏழு பேருல என்னையவிடப் பயந்தவரு நீங்க ஒருத்தருதான். பயந்தவன் கைதான் பூப்போலப் போடும்."

போட்டேன். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"சுத்துதா?"

"சுத்துதுண்ணே."

"இன்னும் சுத்துதா?"

பதினேழு தடவை கேட்டார். பதினெட்டாவது தடவை கேட்பதற்குள் திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

"எல்லாரும் வந்துட்டாகளா?"

"வந்துட்டாகண்ணே. அம்புட்டுப் பேரும்."

அவர் திரும்பவே இல்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். அது போதாமல் இன்னொன்றையும் எடுத்தார்.

அன்றைக்கு மூன்று நகல் எடுத்தார். மூன்றாவதை என் கையில் வைத்தார். "ஆபீசும் சரி, என் வீடும் சரி, வைகைக்குப் பக்கம். வெள்ளம் வந்தா ரெண்டும் போயிரும். இது திருமங்கலத்துல ஒங்க வீட்ல இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை வந்து பாத்துக்கிறேன்."

சொன்னபடி ஞாயிறுதோறும் திருமங்கலம் பஸ் பிடித்து வந்தார். டேப்பைத் தடவிப் பார்ப்பார், என் மனைவி போடும் காப்பியைக் குறை சொல்வார், இரண்டு டம்ளர் குடிப்பார், போவார். சில வருடங்களில் மையத்தை மூடிவிட்டார்கள். அந்த டேப்பைப் படிக்க மதுரையில் மிஷினே இல்லாமல் போயிற்று. அதன்பிறகும் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பஸ் ஏறிப் போனபின்தான் எனக்கு உறைத்தது: டேப்பை எடுத்துக் காட்ட நான் மறந்து எத்தனையோ மாதமாகிவிட்டது, அவரும் கேட்கவில்லை.