இரண்டு மணிக்கூடுகளும் ஒரு சாய்ந்த கோபுரமும்

சும்மா இருப்பதே சுகம் என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தச் சுகம் வாய்க்கவில்லை. பல் வைத்தியரிடம் போனால்கூட உட்கார மாட்டேன். வரவேற்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவித்தல்களை எல்லாம் நின்றபடி இரண்டு தரம் வாசித்துவிடுவேன். "உனக்குக் காலில சக்கரம்" என்பார் அக்கா. "இந்த மனுசன் நித்திரையிலயும் நடந்து திரியும்" என்பாள் என் மனைவி வதனி. (இது பொய். நித்திரையில் நான் என்ன செய்வேன் என்பதற்குப் புகைப்பட ஆதாரம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.)

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. லண்டனில், ரெய்னர்ஸ் லேன் பக்கம் இருந்தோம். பஸ் டிப்போ ஒன்றில் சாரதிமாரின் ஷிப்ட் அட்டவணை போடுவது என் வேலை. நூற்றைம்பது சாரதிகளை நேரத்துக்கு ஓட வைக்கிறவனுக்கு ஒரு குடும்பத்தை ஓட வைப்பது பெரிய வேலையா என்ற மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது. ஒக்டோபர் பாடசாலை விடுமுறைக்கு இத்தாலியில் புளோரன்ஸ் போவதென்று முடிவானது. அலுவலகத்தில் யாரும் பார்க்காத நேரமாய்ப் பார்த்து, "புளோரன்சிலிருந்து பிள்ளைகளோடு ஒருநாளில் போய்வரக்கூடிய இடங்கள்" என்று இன்டர்நெட்டில் கிடந்ததையெல்லாம் பிரின்ட் எடுத்தேன். பதினாலு பக்கம் வந்தது. அதில் ஐந்து நாளுக்கு ஐந்து ஊர் பொறுக்கி அட்டவணை போட்டு, லமினேட் செய்து, ஆளுக்கொன்று கொடுத்தேன்.

எங்கள் மகள் ஆரணிக்கு அப்போது எட்டு வயது. அட்டவணையில் அவளுக்கு வேண்டியது ஒரேயொரு வரிதான்: பீசா. வகுப்பில் எல்லோரும் விடுமுறையில் எடுத்த படம் ஒன்று கொண்டுவந்து சுவரில் ஒட்ட வேண்டுமாம். அந்த ஊர்ச் சாய்ந்த கோபுரத்தைத் தன் இரண்டு கையாலும் தாங்கிப் பிடிக்கிற படம் கொண்டு வருவதாக ஆரணி வாக்குக் கொடுத்திருந்தாள். சுவரில் அவளுக்கு இடம் ஒதுக்கி, பெயர் எழுதிய சீட்டும் ஒட்டியாயிற்று. அந்தப் படத்துக்கென்றே சிவப்புக் கோட் ஒன்றும் பெட்டிக்குள் வந்தது.

புத்தியுள்ள தகப்பன் முதல்நாளே பீசாவுக்குப் போயிருப்பான். நான் அதை வெள்ளிக்கிழமை, கடைசி நாளில் வைத்தேன். பாயசத்தை யாராவது முதலில் பரிமாறுவார்களா?

எங்களோடு அக்காவும் வந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் அவருடைய வீட்டில்தான் லண்டனுக்கு வந்த புதிதில் நாலு வருடம் சாப்பிட்டேன். ஆகவே அக்கா சொன்னால் சொன்னதுதான். கைப்பையில் இடிச்ச சம்பல் ஒரு டப்பாவும், கடையில் தந்த தமிழ்க் கலண்டரின் அந்தக் கிழமைத் தாள்களும் வைத்திருந்தார். ராகு காலத்தில் அவர் வீட்டுப் படி தாண்டுவதில்லை. ஒருமுறை தாண்டிக் கால் சுளுக்கியதாம். (அன்று படியில் ஐஸ் கிடந்ததை அவர் கணக்கில் எடுப்பதில்லை.)

திங்கட்கிழமை காலையே வந்தது சோதனை. லூக்கா என்ற ஊருக்கு எட்டு ஐந்துக்கு ரயில். ஏழு ஐம்பதுக்கு விடுதி வாசலில் நிற்கிறோம். அக்கா தாளை எடுத்துப் பார்த்துவிட்டு அசையாமல் நின்றார்.

"தம்பி, ஏழரையில இருந்து ஒன்பது மட்டும் ராகு காலம். ஒன்பதுக்குப் பிறகு வெளிக்கிடுவம்."

ஒன்பது மணியா? என் அட்டவணையில் ஒன்பது இருபத்தைந்துக்கு நாங்கள் லூக்காவின் பழைய கோட்டை மதிலின்மேல் நடந்துகொண்டிருக்க வேண்டும். கால் பரபரத்தது. அந்தப் பரபரப்பில் என் மூளை ஒரு தத்துவத்தைப் பெற்றெடுத்தது.

"அக்கா, இந்தக் கலண்டர் எந்த ஊருக்கு அடிச்சது?"

"லண்டனுக்கு."

"இப்ப லண்டனில எத்தினை மணி? ஏழாக இன்னும் பத்து நிமிசம் கிடக்கு. ராகு இன்னும் வரவே இல்லை."

"அப்ப ராகு லண்டன் மணிக்கோ வாறார்?"

"பின்ன? எங்கட வீடு வாசல் லண்டனில. நாங்கள் நாலு நாளைக்கு எங்க போய் நிண்டாலும் எங்கட ராகு லண்டன் ராகுதான்."

அக்கா தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "நீ சொல்லுறதிலயும் ஒரு நியாயம் கிடக்கு" என்று வலது காலை எடுத்து வைத்தார். அன்று நான் அடைந்த பெருமைக்கு அளவில்லை. அக்கா இனியும் சந்தேகப்படக் கூடாதென்று, விடுதிக்குப் பக்கத்துக் கடையில் மலிவாக ஒரு மணிக்கூடு வாங்கி வலது கையில் கட்டினேன். இடது கை லண்டன், ராகுவுக்கு. வலது கை இத்தாலி, ரயிலுக்கு. அந்தக் கிழமை முழுதும் கடத்தல்காரனைப் போலத்தான் திரிந்தேன்.

லூக்காவில் மதிலைச் சுற்றி எல்லோரையும் ஏறக்குறைய ஓட வைத்தேன். சியன்னாவில் ஊரே சதுக்கத்துச் செங்கல் தரையில் சாய்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வதனியும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். "ஏழு நிமிசம்" என்றேன். அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. புதன்கிழமை போன சான் ஜிமின்யானோவில் பழங்காலக் கோபுரங்கள் வரிசையாக நின்றன. ஆரணி ஒவ்வொன்றாகப் பார்த்து, "இதுகள் ஒண்டும் சாயேல்லையே" என்று கவலைப்பட்டாள். ஒவ்வொரு இரவும் படுக்கும்போது ஒரே கேள்வி: "அப்பா, டவர் எப்ப?" நானும் ஒரே பதில் சொன்னேன்: "வெள்ளிக்கிழமை, குஞ்சு."

வெள்ளிக்கிழமை காலை விடுதிக்கார அம்மா, இன்று வேலைநிறுத்தம் என்றார். ஒரு மணியிலிருந்து ஆறு மணிவரை ரயில் ஓடாது. காலையில் நேரே பீசாவுக்குப் போய் ஆறுதலாகப் பார்த்துவிட்டு, ஆறுக்குப் பிறகு திரும்புங்கள் என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னார். நேரே என்பதை அவர் இரண்டு தரம் சொன்னதாக வதனி இன்றைக்கும் சாதிக்கிறாள்.

பத்து ஐந்துக்கு ரயில் ஏறினோம். சிவப்புக் கோட்டோடு ஆரணி ஜன்னல் ஓரம். பத்து நாற்பதுக்கு எம்போலி என்ற ஊரில் ரயில் நின்றது. என் பிரின்ட் தாளின் பதினோராம் பக்கத்தில், "பீசா போகும் வழியில் நேரமிருந்தால்" என்று அந்த ஊரைப் பற்றி இரண்டு வரி இருந்தது. இரண்டு வரி போதாதா எனக்கு? எழுந்துவிட்டேன்.

"இறங்காதேங்கோ" என்றாள் வதனி. "பிள்ளை ஒரு கிழமையாப் பாத்துக்கொண்டிருக்கு."

"ஒரு மணித்தியாலம்தான். அடுத்த ரயில் பதினொண்டு நாப்பதுக்கு. ஒரு ஊர் கூடப் பாத்த மாதிரி இருக்கும்."

டிக்கெட் நாலும் என் சட்டைப் பையில் இருந்ததால் மூவரும் பின்னால் இறங்கினார்கள்.

எம்போலி நல்ல ஊராகத்தான் இருக்க வேண்டும். எனக்கு ஞாபகம் இருப்பது ஒரு தேவாலயம் மட்டும். அதன் மணிக்கூண்டை எல்லாக் கோணத்திலும் நின்று பார்த்ததில் பதினொன்று நாற்பது ரயில் போய்விட்டது. பரவாயில்லை, பன்னிரண்டு நாற்பதுக்குக் கடைசி ரயில் இருந்தது. பன்னிரண்டரைக்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டோம். ரயிலும் நேரத்துக்கு வந்து, கதவைத் திறந்துகொண்டு நின்றது. ஆரணி எல்லோருக்கும் முதல் ஓடினாள். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அக்கா பிளாட்போமில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டாமல், கையில் கலண்டர் தாளோடு நின்றார்.

"தம்பி, உன்ர இடக்கையில எத்தினை மணி?"

இடது கையைப் பார்த்தேன். பதினொன்று முப்பத்தேழு. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு.

"அக்கா, நாங்கள் பத்து மணிக்கே வெளிக்கிட்டாச்சு. இது அந்தப் பயணம்தான்."

"இறங்கி, ஊர் சுத்தி, ஐஸ்கிரீமும் குடிச்சாச்சு. இனி ஏறினா அது புதுப் பயணம்."

"அக்கா, இத்தாலியில ராகு காலம் முடிஞ்சு முப்பத்தேழு நிமிசம்."

"எங்கட ராகு லண்டன் ராகு எண்டு திங்கக்கிழமை நீதானே சொன்னனீ."

"அது சும்மா சொன்னது."

"ராகுவை வைச்சுச் சும்மா சொல்லுவியோ?"

வதனி குறுக்கே வந்தாள். அவளுடைய குரல் நிதானமாக இருந்தது. "நீங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஏறுங்கோ. நான் மச்சாளோட நிக்கிறன். நீங்கள் ரெண்டு பேரும் படத்தை எடுத்துக்கொண்டு வாங்கோ."

எவ்வளவு அருமையான யோசனை. இரண்டு எட்டு வைத்தால் ரயிலுக்குள் இருந்திருப்பேன். ஆனால் எனக்கு அந்த நிமிடத்தில் பீசா மறந்துவிட்டது. என் தத்துவத்தாலேயே என்னை மடக்கிய அக்காவை வென்றே ஆகவேண்டும் என்ற வெறி வந்துவிட்டது. விரலை உயர்த்தி, "அக்கா, ராகு காலம் எண்டது சூரிய உதயத்தை வைச்சுப் பாக்கிறது. சூரியன் இத்தாலியில எப்ப உதிச்சதெண்டா..." என்று ஆரம்பித்தேன்.

சூரியன் உதிப்பதற்குள் கதவு மூடிவிட்டது.

சரியாக இத்தாலி நேரம் ஒரு மணிக்கு, அதாவது லண்டன் நேரம் பன்னிரண்டுக்கு, ராகு காலம் முடிந்தது. அதே ஒரு மணிக்குத்தான் ரயில்களும் முடிந்தன. அக்கா தாளை மடித்துப் பைக்குள் வைத்து, "இனிப் போகலாம்" என்றார்.

ஆரணி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாயிருந்திருக்கும். "ஆறு மணிக்கு டவர் இருட்டில நிக்கும், என்ன அப்பா?" என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். அடுத்தநாள் விடியப்புறம் எங்களுக்கு விமானம். (ஏன் டாக்ஸி பிடிக்கவில்லை என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. அன்று ஸ்டேஷனில் மாட்டிய எல்லோருக்கும் அந்த யோசனை வந்திருந்தது. ஒன்றரை மணித்தியாலம் வெளியே நின்றேன். எனக்கு முன்னால் நின்ற கன்னியாஸ்திரிகளுக்கே கார் கிடைக்கவில்லை.)

பிளாட்போமின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை நடந்தேன். திரும்பி நடந்தேன். வதனி பாணும் சம்பலும் நீட்டினாள், நடந்தபடியே சாப்பிட்டேன். "இருங்கோவன், தலை சுத்துது" என்றாள். ஐந்து நாளில் முதல்முறையாக, போவதற்கு இடமில்லாமல், பெஞ்சில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் தெரியும்.

யாரோ கெக்கட்டம் விட்டுச் சிரிக்கும் சத்தத்தில் கண் விழித்தேன். உலகம் சரிந்து தெரிந்தது. சரிந்திருந்தது நான். பெஞ்சில் உட்கார்ந்தவாக்கில் நித்திரையாகி, இடுப்பிலிருந்து தலைவரை இடப்பக்கமாகச் சாய்ந்து, விழாமலும் நிமிராமலும் இருந்திருக்கிறேன். பத்தடி தள்ளி ஆரணி, சிவப்புக் கோட்டோடு, காற்றில் இரண்டு கையையும் விரித்து என்னைத் தாங்கிக்கொண்டிருந்தாள். வதனி பிளாட்போமில் குப்புறப் படுத்துக் கமராவைப் பிடித்திருந்தாள். அக்கா பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போ பிள்ளை, படத்தில உன்ர கை அப்பாவின்ர காதில முட்டவேணும்" என்று நெறிப்படுத்தினார். அந்தப் பக்கம் இரண்டு இத்தாலியப் பிள்ளைகள் தங்கள் முறைக்காக வரிசையில் நின்றார்கள்.

"அப்பா, அசையாதேங்கோ" என்றாள் ஆரணி. "இன்னும் ஒண்டு."

அசையவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் அசையாமல் இருந்தது அன்றுதான்.

ஆறு மணிக்குப் பிறகு புளோரன்சுக்குத் திரும்பும் ரயிலில் அவள் என் பக்கத்தில் இருந்தாள். மன்னிச்சுக்கொள் குஞ்சு என்றேன். வெளியே இருட்டைப் பார்த்தபடி, "நான் ட்ரெயினுக்குள்ள ஏறிட்டன் அப்பா. நீங்கள் வரேல்லை எண்டுதான் திரும்ப இறங்கினனான்" என்றாள். குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். கையில் கட்டியிருந்த இரண்டு மணிக்கூட்டையும் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

படம் வகுப்புச் சுவரில் அவளுக்காக ஒதுக்கிய இடத்திலேயே ஏறியது. "சாய்ந்த அப்பா" என்று கீழே அவளே எழுதியிருந்தாளாம். அந்த வருடம் பெற்றோர் சந்திப்புக்குப் போனபோது ஆசிரியை என்னைக் கண்டதும் தன் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்து, பிறகுதான் கை கொடுத்தார்.

அன்றிலிருந்து குடும்பத்தில் எனக்குப் பெயர் கோபுரம். கலியாண வீட்டில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், "கோபுரம் சாயுது, ஆராவது தாங்குங்கோ" என்று ஒரு குரல் வரும். உடனே நாலு பேர் கையை விரித்துக்கொண்டு நிற்பார்கள். பயணம் போவதென்றால் அட்டவணை வதனியிடம். நேரே என்ற சொல் அதில் எல்லா வரியிலும் இருக்கிறது.

ஆரணி வளர்ந்து, வேலைக்குப் போய், சில வருடங்களுக்கு முன் சிநேகிதிகளோடு பீசாவுக்குப் போனாள். போன அன்றே படம் அனுப்பினாள். வெள்ளைக் கோபுரம், நீல வானம். ஆனால் அவள் கையை விரித்துத் தாங்கவில்லை. இரண்டு கையையும் பையில் விட்டுக்கொண்டு சும்மா நின்றாள். அக்காவுக்குக் காட்டினேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக் கனநேரம் பார்த்துவிட்டு, "எத்தினை மணிக்கு ரயில் ஏறினவளாம்?" என்று கேட்டார்.

படத்துக்குக் கீழே ஆரணி ஒரு வரி எழுதியிருந்தாள்: "அப்பா, இது உங்களளவுக்குச் சாயேல்லை."